துடைத்துவிட்ட நீர்

அவளுக்கு வயது நாற்பத்தாறு. அந்த ஆய்வகத்தில் பதினோரு வருடம். கணினித் திரையில் கிருமியின் புரதம் ஒன்று மிதக்கும். அதன் நடுவே ஒரு குழி. செடிகொடிகளில் உள்ள மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகக் குழிக்குள் இறக்கி, பொருந்தி உட்காருகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. நன்றாகப் பொருந்துவது கிருமியின் கொட்டத்தை அடக்கக்கூடும். நாலு மாதத்தில் 4,312 மூலக்கூறுகள். பார்க்கப் பார்க்க அறை கரைந்துவிடும். குழி குகையாகும், அவளே ஏதோ இலையிலிருந்து புறப்பட்டு, கனமில்லாமல் அதற்குள் இறங்குவாள். வீட்டில் கணவர் பேசும்போதும் ‘ம்’ கொட்டுவாள். ஆள் குகையில் இருப்பாள்.

பத்து மூலக்கூறுகளைத்தான் கிருமியின் மேல் சோதிக்க முடியும். பத்தும் பொய்த்தால் வேலையையே மூடிவிடுவதாக ஆய்வகத் தலைவர் சொல்லியிருந்தார்.

வியாழன் பிற்பகல் பட்டியல் தயார். அனுப்புமுன், அந்தக் குழியில் உட்காரும் என்று ஏற்கெனவே தெரிந்த பழைய மருந்தை இறக்கிப் பார்த்தாள். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. அது உள்ளே போகாமல் வாசலில் குறுக்கே நின்றது. மூன்று முறையும் அப்படியே.

அப்போதுதான் உறைத்தது. புரதத்தைத் திரையில் சுத்தம் செய்தபோது, வழக்கம்போல அதில் ஒட்டியிருந்த நீர் மூலக்கூறுகளையெல்லாம் துடைத்திருந்தாள். குழியின் ஆழத்தில் இருந்த ஒரே ஒரு நீர் மூலக்கூறைப் பிடித்துக்கொண்டுதான் அந்த மருந்து உட்காரும்.

பக்கத்து அறையில் கண்ணாடித் தட்டுகளில் கிருமி வளர்ப்பவன் எட்டிப் பார்த்தான்.

“என்னக்கா, பட்டியல் வருமா, இல்ல கிருமிங்களுக்குத் தாலாட்டு பாடிட்டு இருக்கவா?”

“பத்தும் தப்பு, தம்பி. தண்ணியைத் துடைச்சுட்டேன்.”

“இத்தனூண்டு தண்ணிக்கா? சும்மா அனுப்புங்க, யாருக்குத் தெரியப்போகுது?”

“உன் தட்டுல தெரியும்டா.”

தலைவரிடம் போய் நின்றாள்.

“இதை முதல்லயே பார்த்திருக்க வேண்டாமா?”

“பார்த்திருக்கணும் சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எல்லாத்தையும் திரும்பப் பார்க்க எத்தனை நாள்?”

“மூலக்கூறெல்லாம் தயாரா இருக்கு சார், இறக்கிப் பார்க்க மட்டும்தான். பத்தொன்பது.”

“பதினஞ்சு.”

நீரைத் திரும்ப வைத்தாள். பழைய மருந்து மெல்லச் சரிந்து, நீரைத் தொட்டு, திரும்பி, அமர்ந்தது. 4,312-ஐயும் மறுபடி இறக்கிப் பார்த்தாள். பதினைந்தாம் நாள் புதுப் பட்டியலில் பழைய பத்தில் ஒன்றுதான் மிஞ்சியது. அன்றைக்கு முதலிடம் பிடித்தது 2,906-ஆம் இடத்துக்குப் போயிருந்தது.

சோதனையின் மறுநாள் காலை அவன் ஒரு தட்டைக் கொண்டுவந்து நீட்டினான். பத்தில் ஒன்பதைச் சுற்றிக் கிருமி மண்டிக் கிடந்தது. எட்டாவதைச் சுற்றி மட்டும் சுண்டுவிரல் நகமளவு தெளிந்த வட்டம்.

“மருந்துன்னு சொல்ல இன்னும் எவ்வளவோ இருக்குக்கா.”

“இருக்கட்டும். மூட மாட்டாங்கல்ல?”

“மூட மாட்டாங்க.”

அவள் தட்டை ஜன்னல் பக்கம் உயர்த்தினாள். அந்த வட்டத்தின் வழியே வெளியே மரம் ஒன்று அசைந்தது.