கிளேபாங் வெயிலில் தெரியாத தீ

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் மலாக்காவில் எங்கள் காஜா பேராங் வீட்டுக்குள் கருகிய விளக்கெண்ணெய் வாடை அப்பாவின் சட்டையோடு வரும். மற்ற வீடுகளில் பிள்ளைகளுக்குப் பேதிக்குக் கொடுக்கும் அந்த எண்ணெயை, நாங்கள் "ஸ்பிரிட்டு" என்று சொன்ன மெத்தனாலோடு கலந்து, தாமே செய்த சிறு விமானத்தின் இயந்திரத்துக்கு அவர் ஊற்றினார். நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்து ஓரிரு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. எனக்கு ஒன்பது வயது. அப்பா ரேடியோ பழுதுபார்ப்பவர். விமானத்தைத் தரையிலிருந்து திருப்பும் கருவியையும் பழைய வால்வுகளைக் கொண்டு அவரே கட்டியிருந்தார். மணலில் ஒரு பெட்டி நிற்கும், அதன் ஒயர் முனையில் ஒரு பொத்தான். ஒருமுறை அழுத்தினால் இடப்பக்கம், இருமுறை அழுத்தினால் வலப்பக்கம், விரலை எடுத்துவிட்டால் நேராகப் போகும்.

இதற்கெல்லாம் துணை, அடுத்த கம்போங்கில், பக்கத்துக் கிராமத்தில், இருந்த நடராஜா மாமா. பல தலைமுறைக்கு முன்பே அங்கே குடியேறிய மலாக்கா செட்டி, அவர் வீட்டுப் பேச்சு மலாய், சாமி பெயர்களும் உறவுமுறைகளும் மட்டும் தமிழ். லோரி ஓட்டுபவர். அந்த லோரியில்தான் எல்லாச் சாமான்களும் கிளேபாங் கடற்கரைக்குப் போகும். பேட்டரியையும் ஸ்பிரிட்டு டின்னையும் வேறு வேறு பெட்டியில் வைக்கலாம் என்று அவர் பலமுறை சொல்லியிருந்தார். ஒரே பெட்டியில் இருந்தால் எடுக்க வசதி என்று அப்பா கேட்கவில்லை.

ஒரு ஞாயிறு, உச்சி வெயில். அம்மாவும் நானும் பக்கத்தில் பாய் விரித்து, சாக்கில் சுற்றிய ஐஸ் கட்டியோடு உட்கார்ந்திருந்தோம். விமானம் கடலுக்கு மேல் வட்டமிட்டுக்கொண்டிருக்க, அப்பா பொத்தானும் கையுமாக அண்ணாந்து நின்றார். விமானம் இறங்கியதும் அதன் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைப்பதற்காக மாமா ஸ்பிரிட்டில் நனைத்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு சாமான் பெட்டியைக் குடைந்தபோது, ஸ்பேனர் ஒன்று நழுவிப் பேட்டரியின் இரண்டு முனைகள்மேலும் குறுக்கே விழுந்தது. ஒரு பொறி தெறித்ததை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு பார்க்க எதுவும் இல்லை. மாமா, "பானாஸ்... பானாஸ்" என்றார். மலாயில் சூடு என்று அர்த்தம்; வெயிலைச் சொல்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் கையை உதறினார். துணி தானாகச் சுருங்கியது, பாயின் ஓரம் தானாகக் கறுத்தது. ஸ்பிரிட்டுத் தீ வெயிலில் கண்ணுக்குத் தெரியாது என்பது எங்களுக்கு அதுவரை தெரியாது.

அம்மாவுக்கு எப்படிப் புரிந்ததோ, ஐஸ் கட்டியைச் சுற்றியிருந்த ஈரச் சாக்கை உருவி மாமாவின் கையில் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பெட்டி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அப்பா திரும்பிப் பார்த்தார். மறுபடியும் மேலே பார்த்தார். விமானம் கரையை நோக்கித் திரும்பத் தொடங்கியிருந்தது. அவர் கட்டைவிரல் பொத்தானிலேயே இருந்தது.

"அது போனா போகட்டும், இங்க வாங்க" என்றார் அம்மா, குரலை உயர்த்தாமல்.

அப்பா பொத்தானைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து, இரண்டு கையாலும் மணலை வாரிப் பெட்டிமேல் கொட்டினார். திருப்பம் பாதியில் நிற்க, விமானம் கடலைப் பார்த்து நேராகப் போய்க்கொண்டே இருந்தது. அது புள்ளியாகி மறைந்ததைப் பார்த்தது நான் ஒருத்திதான்.

மாமாவால் இரண்டு மாதம் லோரி ஓட்ட முடியவில்லை. சுண்டுவிரல் பிறகு நிமிரவேயில்லை. அப்பா அவர் வீட்டுக்குப் போய், தப்பு தம்முடையதுதான் என்று சொல்லியிருக்கிறார். மாமா அதற்கு, அடுத்த விமானத்துக்குச் சிவப்பு அடித்தால் தூரத்தில் நன்றாகத் தெரியும் என்றாராம். அடுத்தது சிவப்புதான். பேட்டரிக்குத் தனிப் பெட்டியும் முனைகளை மறைக்க மரமூடியும் வந்தன. ஸ்பிரிட்டு டின் இருபது அடி தள்ளி நிழலில் இருக்கும். மணல் வாளியின் பக்கத்தில் அம்மா நிற்பார். விமானம் பறக்கும்போதும் அவர் அண்ணாந்து பார்ப்பதில்லை.

இன்று கிளேபாங்கில் கடலை வெகுதூரம் தூர்த்துவிட்டார்கள். போன வருடம் காரை நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். நாங்கள் நின்ற கரை எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அப்பா, அம்மா, மாமா மூவரும் இப்போது இல்லை.

அப்பா கடைசியாகப் படுத்திருந்த நாட்களில் ஒருமுறை அம்மாவிடம் கேட்டார்: "அன்னிக்கு நான் ரொம்ப நேரம் நின்னேனா?"

"நான் எங்க பார்த்தேன்? நடராஜா கையைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்" என்றார் அம்மா.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். சாக்கை இறுக்கிப் பிடித்திருந்த அந்த நேரம் முழுவதும் அம்மா அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.