எங்கள் தெருவில் பதற்றமாம்

அன்று மாதாந்திர மின்தடை. கணபதி வட்டாரத்தில் எங்கள் தெரு முழுக்கச் சின்னச் சின்ன லேத் பட்டறைகள். கரண்ட் இல்லையென்றால் ஷட்டரை இறக்கிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். என் கணவரும் எங்கள் பட்டறையைப் பூட்டிவிட்டு டவுனுக்குப் போயிருந்தார். காலையில் தெருமுனையில் இரண்டு ஆட்டோக்காரர்கள் சவாரிக்காகச் சண்டை போட்டார்கள். யாரோ கேமராவோடு வந்து போனார்கள்.

மதியம் கரூரிலிருந்து தங்கை போன் செய்தாள். "அக்கா, அங்க ரெண்டு சாதிக்காரங்களுக்குள்ள அடிதடியாமா? ஊட்ட உட்டு வெளிய போயராதீங்க!"

அவள் அனுப்பிய செய்தியைத் திறந்தேன். 'இரு தரப்பினர் மோதல். கணபதியில் கடைகள் அடைப்பு.' திரையில் எங்கள் பட்டறையின் நீல ஷட்டர். கரண்ட் போனதால் பூட்டியது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அடுத்த தெருவில் நிஜமாகவே ஏதாவது நடந்திருக்குமோ? கணவரின் போன் கிடைக்கவில்லை. கதவைத் தாழிட்டேன்.

திரையில் இருந்த சேனல் எண்ணுக்கு அழைத்தேன். "இங்க ஒண்ணும் நடக்கலைங்க, கரண்ட் கட்டுங்க" என்றேன்.

"எங்க ரிப்போர்ட்டர் ஸ்பாட்ல இருக்கார் மேடம்."

"நானும் ஸ்பாட்லதானுங்க இருக்கறேன்."

இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள்.

அப்போது கதவு தட்டப்பட்டது. "அக்கா, நானுங்க." பக்கத்து வீட்டுப் பெண். அவர்கள் வேறு சாதி. இட்லி மாவு தீர்ந்தால் ஒருவர் வீட்டிலிருந்து ஒருவர் எடுத்துக்கொள்ளும் பழக்கம். குரல் தெரிந்தும் தாழ்ப்பாளில் வைத்த கை அசையவில்லை.

"தனியாத்தான் வந்திருக்கறீங்களா?"

"ஆமாங்க. பயமா இருக்குதுங்க அக்கா, ஊட்டுல ஆருமில்ல."

திறந்தேன். அவர் போனிலும் அதே நீல ஷட்டர், வேறொரு சேனல். அதில் அடித்தது என் ஆட்கள், அடிபட்டது அவர் ஆட்கள். இரண்டு போன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்.

சாயங்காலம் கணவர் வந்தார். "அந்த ஆட்டோக்காரங்க ரெண்டு பேரும் பேக்கரியில ஒண்ணா டீ குடிச்சுட்டு நிக்கறாங்க அம்மணி" என்று சிரித்தார். பக்கத்து வீட்டுப் பெண்ணும் சிரிக்கப் பார்த்தார்.

மறுநாள் பக்கத்து வீட்டுப் பெண் பள்ளிக்கூடம் படிக்கும் தன் மகளை அந்தியூரில் இருக்கும் தன் மாமியாரிடம் அனுப்பிவிட்டார். "பள்ளிக்கூடம் லீவாங்க?" என்று கேட்டேன்.

"இல்லீங்க" என்றார்.