சிவசங்கரியின் ஒரு சாண் இடம்

என் தம்பி மகள் சிவசங்கரிக்கு ஐந்து வயது. யூ.கே.ஜி. படிக்கிறாள். பிடிவாதத்துக்கு ஆரணியில் போட்டி வைத்தால் முதல் பரிசை வாங்கிக்கொண்டு, இரண்டாம் பரிசையும் கொடு என்று அங்கேயே உட்கார்ந்துவிடுவாள்.

அவள் அம்மா ரேணுகாம்பாள் பட்டுப்புடவை நெய்கிறவள். தறியில் அவள் உட்காரும் பலகையில் இடது பக்கம் ஒரு சாண் இடம் மிச்சமிருக்கும். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அது சிவசங்கரியின் இடம். பள்ளிக்கூடம் விட்டதும் பையை வீசிவிட்டு அங்கே ஏறிக்கொள்வாள். யார் யாரை அடித்தார்கள், யார் டிபன் பாக்ஸில் என்ன இருந்தது, ஒன்று விடாமல் சொல்வாள். ரேணுகா ஊடை நூல் சுற்றிய நாடாவை இப்படியும் அப்படியும் ஓட்டியபடியே ‘உம்’ கொட்டுவாள்.

பாப்பா பிறந்தது. மூன்று மாதம் தறி ஓடவில்லை. பக்கத்து வீட்டிலிருக்கும் என்னிடம் தினமும் வந்து, “எங்கம்மா எப்ப தறில உக்காரும் அத்த?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போவாள்.

ரேணுகா மறுபடி தறியில் உட்கார்ந்த நாளில்தான் வந்தது வினை. தம்பி தமிழ்வாணன் தறிக்குப் பக்கத்தில் தூளி கட்டினான். முன்னும் பின்னும் போய்வரும் தறிச் சட்டத்தில் ஓர் இரும்பு வளையம் அடித்து, தூளிக் கயிற்றை அதில் முடிந்தான். நெய்ய நெய்யத் தூளி தானாக ஆடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கயிறு சரியாக அந்த ஒரு சாண் இடத்தின் மேலே போயிற்று.

“எறங்குடி, கயிறு மாட்டிக்கும்” என்றாள் ரேணுகா.

இறங்கினாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன்.

மறுநாள் கயிறு அவிழ்ந்து கிடந்தது. தம்பி கட்டினான். அடுத்த நாளும் அவிழ்ந்து கிடந்தது. நான்கு நாள் இதே கூத்து. ஐந்தாம் நாள் இரட்டை முடிச்சுப் போட்டான். மகராசி பல்லால் கடித்து அவிழ்த்துவிட்டாள்.

தம்பி கையை ஓங்கினான். “இன்னா பேஜார் பண்ணிகினு கீற? பாப்பா தூங்க வாணாமா?”

அவள் அசையவில்லை. கயிற்று நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு பலகையில் ஏறி, அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள்.

“நானே ஆட்டறேன். நீ நெய்ம்மா.”

ஆட்டினாள். முதலில் பாப்பா கூரைக்கே போய்விடும் போலிருந்தது. ரேணுகா அதட்டினாள், வேகம் குறைந்தது. பாப்பா தூங்கியது. பள்ளிக்கூடக் கதை ஒன்றுகூட அன்றைக்கு வரவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு வேலையிலேயே கண்ணாக இருந்தாள். ஒரு மணி நேரம் கழித்து நான் போய்ப் பார்த்தபோது உள்ளங்கை சிவந்திருந்தது. எனக்குத் தாங்கவில்லை.

“பாப்பா எப்பவோ தூங்கிப்பூட்சி கண்ணு. கயித்த வுட்டுட்டு போயி வெளையாடு.”

கயிற்றை மற்ற கைக்கு மாற்றிக்கொண்டாள்.

“நான் வுட்டா நீங்க மறுபடியும் தறில கட்டிடுவீங்க.”

ரேணுகாவின் கை நின்றுவிட்டது. மகளின் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். பிறகு புருஷனைக் கூப்பிட்டாள்.

“கொறடு எடுத்துகினு வாங்க. இந்த வளையத்த மொதல்ல புடுங்கிப் போடுங்க.”