அழுதவளை ஏசிய குற்றம்

டீச்சர், நீங்கள் என் ரிப்போர்ட் கார்டில் எழுதியது பொய். "பிறர் மனம் அறியாதவள்" என்று ஐந்தாம் வகுப்பில் சிவப்பு மையால் எழுதினீர்கள். அறுபதுகளில், பம்பாயில் தாராவியிலிருந்து மாட்டுங்காவுக்கு நடந்து வந்து உங்களிடம் படித்தவள் நான்.

எங்கள் சந்தில் தகரம்தான் சுவர். யாரும் தனியாக அழ முடியாது. ஒருத்தி விசும்பினால் என் அம்மா அவள் வாசலில் போய் நிற்பாள். "ஏ மூதி, அழுது முடிச்சிட்டியா, இன்னும் பாக்கி இருக்கா? குழாயில தண்ணி வந்துட்டு. உன் குடத்தத் தூக்கி வீசிருவேன்."

"தொட்டுப் பாரு, கைய ஒடிக்கேன்" என்று அவள் எழுந்து வருவாள். அழுகை போயிற்று. அது வைத்தியம். ஆனால் ஆள் பார்க்கத் தெரிய வேண்டும். வேலை போனவனை ஏசக் கூடாது. கதவுக் கொண்டி ஆடுகிறது, வந்து சரிபண்ணிக் கொடு என்று கூப்பிட வேண்டும். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் வாயே திறக்கக் கூடாது. இதெல்லாம் ஏழு வயதிலேயே எனக்குத் தெரியும்.

வகுப்பில் என் பக்கத்தில் இருந்தவளின் அப்பாவுக்கு ஃபோர்ட் பகுதியில் ஆபீஸ் உத்தியோகம். அவள் எப்போதும் முதல் ரேங்க். அன்று இரண்டாவது. தயிர்சாதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதாள். மற்றவர்கள் பார்க்காத மாதிரி சாப்பிட்டார்கள். அவர்கள் வீடுகளில் அதுதான் மரியாதை. எனக்குத் தாங்கவில்லை.

"ஏட்டி, யாரு செத்துட்டா? தயிர்ச்சோத்துல கண்ணீர விட்டு உப்பு சேக்கியா?"

அவள் முறைத்தாள். "போடி கடன்காரி!"

"இவ்வளவுதானா? இதெல்லாம் ஒரு ஏச்சாட்டி?"

பாவம், அவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். எங்கள் குழாயடியிலிருந்து நாலு சொல்லிக் கொடுத்தேன். மூன்றாவதில் சிரிப்பு வந்து மூக்கு வழியே சோறு தெறித்தது. நாலாவதை அவள் உரக்கச் சொன்னபோது நீங்கள் வாசலில் நின்றீர்கள். அது உங்களைச் சொன்னதில்லை. பொருத்தமாக இருந்ததற்கு நான் பொறுப்பில்லை.

"யாருடி சொல்லிக் குடுத்தது?" என்றீர்கள். வகுப்பே என்னைக் காட்டியது. கடைசி பெஞ்சுக்கு மாற்றினீர்கள். அவளோடு பேசக் கூடாது என்றீர்கள். ரிப்போர்ட் கார்டில் அந்தச் சிவப்பு வரியையும் எழுதினீர்கள்.

அடுத்த பரீட்சையில் அவளுக்கு மூன்றாவது ரேங்க். மறுபடி அழுதாள். நாற்பது பேரும் மரியாதையாகச் சாப்பிட்டோம். நானும்தான். மணி அடிக்கும்வரை அழுதாள். அந்த முறை எனக்கு "நடத்தை நன்று" போட்டீர்கள்.

பழைய மாணவிகள் கூட்டத்தில் உங்களுக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். நானும் வருகிறேன், முதல் வரிசையில் இருப்பேன். பொன்னாடைக்கு முன்னால் மைக்கைப் பிடித்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள்: அந்த இரண்டு நாளில் எந்த நாள் நான் செய்தது சரி?