அரக்கு வயித்து மீனும் அடுத்த வூட்டுத் தறியும்

இன்னா முறைக்கிறீங்க? மீன் தொட்டி முன்னாடி குந்திக்கினு, தட்டுல சோறு காஞ்சி போறதுகூட தெரியாம வாயப் பொளந்துக்கினு கிடந்த கூட்டாளிங்களுக்குத்தான்பா இத சொல்றேன். கப்பி மீன் குட்டி போடறதுல ஒரு பெருமையும் இல்ல, தண்ணி இருந்தா போதும், அது பாட்டுக்குப் போடும். கிரிப்னு ஒரு சீமை மீனு, அது அப்படி இல்ல. விரல் நீளத்துக்கு மேல வளராது, ஆனா ஜமீன்தார் மாதிரி முறைக்கும். கவுத்து வச்ச கொட்டாங்கச்சிக்குள்ள முட்டை வைக்கும். அந்த முட்டை மூணு நாள் கெடாம இருக்கணும். அந்த மூணு நாள்தான் தொழிலே.

பி.யு.சி.ய பாதியில உட்டுட்டு, மூர் மார்க்கெட்டுல ஒரு ஜோடி வாங்கியாந்தேன். குஞ்சு வந்தா எடுத்துக்கறேன்னு கடைக்காரரும் சொல்லியிருந்தாரு. எங்க நைனாதான் கெடு வச்சாரு: "மூணு ஈடு முட்டை வைக்கற வரைக்கும் பாப்பேன். ஒண்ணாவது பொரிச்சா தொட்டிய வச்சிக்க. இல்லனா ஐயம்பேட்டைக்குப் போயி சித்தப்பா தறில குந்து."

கெட்டிச் சாயம்

நைனாவப் பாக்க ஒரு பட்டுத் தரகர் வந்தாரு. முட்டை வைக்கிற நேரத்துல பொட்டை மீனுக்கு வயிறு அரக்கு கலர்ல தகதகன்னு இருக்கும். மனுஷன் புடவையப் பாக்கற மாதிரி தலையச் சாய்ச்சிப் பாத்துட்டு, "சாயம் போவுமாப்பா?"ன்னாரு. "கெட்டிச் சாயம் சார், ஆயுசுக்கும் போவாது"ன்னேன்.

உடனே மோதிரத்தால கண்ணாடியில டொக்கு டொக்குன்னு தட்டினாரு. இந்த மீனுக்கு பயம் வந்தா கலர் இறங்கிடும். ஒரே நிமிஷத்துல பழைய வேட்டி மாதிரி ஆயிடுச்சி. அவரு துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கினு சொன்னாரு: "தண்ணில கிடக்கறதுக்கே இப்டி வெளுக்குதே, தொவைச்சா இன்னாவும்?"

நீல மருந்து

மொத ஈட்ட கொட்டாங்கச்சியோட தூக்கி தனியா ஒரு பாட்டில்ல வச்சேன். மறுநாளே முட்டைங்க மேல பஞ்சு மாதிரி பூஞ்சை. மெத்திலீன் ப்ளூ உட்டா பூஞ்சை வராதுன்னு கேள்விப்பட்டு மருந்துக் கடைக்கு ஓடினேன். "யாருக்குப்பா வாய்ப்புண்ணு?"ன்னு கேட்டாரு கடைக்காரரு. "முட்டைக்கு சார்." மனுஷன் பாட்டிலக் குடுக்கவே யோசிச்சாரு.

ரெண்டாவது ஈட்டுக்கு மருந்து உட்டேன். தண்ணி வெளிர் நீலமா இருக்கற அளவுக்கு ரெண்டு சொட்டு போதும். ஆனா நான் காஞ்சிபுரத்துல பொறந்தவன் ஆச்சே! சாயம் கெட்டியா இருந்தாதானே சரக்கு நிக்கும்? முழு பாட்டிலயும் கவுத்தேன். சாயந்திரம் பாத்தா எல்லா முட்டையும் கருநீலம். உசுருள்ள முட்டை சாயத்த அவ்வளவா புடிக்காது, செத்ததுதான் நல்லா குடிக்கும்னு அப்புறம்தான் தெரிஞ்சிது. சாயப்பட்டறை முனிசாமி அண்ணன் பாட்டிலத் தூக்கி வெளிச்சத்துல புடிச்சிப் பாத்து சர்ட்டிபிகேட் குடுத்தாரு: "சாயம் ஜோரா ஏறியிருக்குது தம்பி. உசுருதான் ஏறல."

பிரசவ லீவு

மூணாவது ஈடு. இதுவும் போச்சின்னா ஐயம்பேட்டைதான். இந்த வாட்டி மருந்தும் வேணாம் மண்ணும் வேணாம்னு தாய்கிட்டயே உட்டேன். அது துடுப்பால விசிறிக்கினே இருக்கும், கெட்ட முட்டைய வாயால பொறுக்கி எடுத்துடும். ஒரே பயம், மெரண்டா மொத்தத்தையும் தானே தின்னுடும்.

அடுத்த வூட்டு ஏகாம்பரம் அண்ணனோட தறிக்கும் என் தொட்டிக்கும் நடுவுல ஒரே செவுரு. அவரு ஒரு அடி அடிச்சா தொட்டித் தண்ணி அலம்பும். போயி கைய புடிச்சிக்கினேன். "அண்ணே, மூணே நாளு தறிய நிறுத்து."

"டேய், முகூர்த்தப் புடவைடா இது. பொண்ணு வூட்டுக்காரன் அவசரப்படுத்தறான்னு முதலாளி தெனம் ஆள் அனுப்பறாரு."

"நான் தறில குந்தினா அந்தத் தறி இன்னா ஆவும்னு யோசிச்சிப் பாருண்ணே."

சிரிச்சிட்டாரு. நெசமாவே எழுந்து வந்துட்டாரு. கூலி போனாலும் போவுதுன்னு சட்டைய மாட்டிக்கினே கேட்டாரு: "முதலாளி ஆள் வந்து கேட்டா இன்னான்னுடா சொல்றது? பக்கத்து வூட்டு மீனுக்குப் பிரசவம்னா?"

ரெண்டாம் நாள்

தறி நின்னதும் வூடே காது அடைச்ச மாதிரி ஆயிடுச்சி. எனக்கு இருப்பு கொள்ளல. முட்டைல குஞ்சோட கண்ணு தெரியுதான்னு கொட்டாங்கச்சியத் தூக்கிப் பாத்தேன். தெரியல. காபி குடிச்சிட்டு வந்து தூக்கினேன். குளிச்சிட்டு வந்து தூக்கினேன். தாய் மீன் வெளுத்துப் போயி என் விரலையே வந்து கடிச்சிது. எவ்வளவு பாசம் பாருன்னு பூரிச்சிப் போனேன்.

ரெண்டாம் நாள் மத்தியானம் தூக்கினா, கொட்டாங்கச்சி தேச்சிக் கழுவின மாதிரி இருக்குது. ஒரு முட்டை இல்ல. பக்கத்து வூட்டுக்கு ஓடி, "யாரு தறிய தொட்டது?"ன்னு கத்தினேன். ஏகாம்பரம் அண்ணன் துணி போத்தி வச்ச தறியக் காட்டினாரு. அவரு சம்சாரம் தேவகி அண்ணி ரெண்டு நாளா சன்னல் வழியா எல்லாத்தையும் பாத்துக்கினு இருந்திருக்காங்க. அவங்கதான் சொன்னாங்க: "தறிய நிறுத்திட்டோம்பா. உன் கைய நிறுத்தத்தான் ஆள் இல்லாம போச்சி."

அண்ணனுக்கு ரெண்டு நாள் கூலி போச்சி, நான் ஐயம்பேட்டை பஸ்ஸு ஏறினேன், தறி மேல போட்ட பழி சுத்தப் பொய்யி, மூணு ஈட்டையும் கெடுத்தவன் நான்தான்பா.