கெளுத்தி முள்ளும் வேலிகாத்தான் முள்ளும்

முள் ஏறியதும் என் ஓரகத்தி சிரித்தாள். அதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. எண்ணூர்க் கரையில் எங்கள் குப்பத்துக்குப் பொதுவாக இருந்த சவுக்குத் தோப்பில், அரிவாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, என் தோளைப் பிடித்து ஒற்றைக் காலில் நின்றபடி சிரித்தாள். "இன்னாக்கா, கெளுத்தி தோப்புக்குள்ள குடி வந்துகீது" என்றாள். உள்ளங்காலிலிருந்து விரல்நீள முள்ளை நானே பிடுங்கினேன். நுனி உள்ளேயே ஒடிந்து நின்றுவிட்டது.

சுதந்திரம் வந்து ஆறேழு வருஷம் ஆகியிருக்கும். யாரோ வேலிக்கென்று போட்ட விதை, ஆடு தின்று புழுக்கை போட்ட இடமெல்லாம் முளைத்துத் தோப்பையே விழுங்கியிருந்தது. வேலிகாத்தான் என்று பேர். எதைக் காத்ததோ தெரியாது. விறகு பொறுக்கவும் காலையில் ஒதுங்கவும் பெண்களுக்கு இருந்த ஒரே மறைவு அந்தத் தோப்பு. அங்கே ஒருத்தியைப் பாம்பு தீண்டிய பிறகும் ஆண்கள் பஞ்சாயத்துப் பேசிக்கொண்டேயிருந்தார்கள். என் கொழுந்தனின் பெண்டாட்டியான இவள்தான், இடுப்பில் கைப்பிள்ளையோடு வீடுவீடாகப் போய், "கூலி எவனும் குடுக்கமாட்டான், வூட்டுக்கு ஒருத்தி வாங்க" என்று கூப்பிட்டாள். மீன் விற்று வந்த கையோடு தினமும் பத்துப் பன்னிரண்டு பேர் வெட்டினோம். வெறுங்கால்தான். செருப்புப் போடுகிற பழக்கம் எங்களில் யாருக்கு இருந்தது?

எங்களுக்கு முள் என்றால் கெளுத்தி மீனின் முள். குத்தினால் விண்விண்ணென்று தெறிக்கும். உப்பை வறுத்துத் துணியில் கட்டி, சூடு பொறுக்கிற மட்டும் ஒத்தடம் கொடுத்தால் விஷம் இறங்கிவிடும். அதை என்னைப்போல் செய்கிறவள் கரையிலேயே கிடையாது என்று எனக்கு ஒரு திமிர். இவளுக்கும் அதையே செய்தேன். வலி அடங்கி, மூன்றாம் நாள் மறுபடி தோப்புக்கு வந்தாள்.

மறுநாள் திருவொற்றியூரில், என்னிடம் வாடிக்கையாக மீன் வாங்குகிற மில் கம்பவுண்டரிடம் இதைப் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் பையைக் கீழே வைத்துவிட்டார். "நுனி உள்ள நின்னுட்டா ஊசி போட்டே ஆவணும். இன்னிக்கே இட்டாந்துடும்மா" என்றார். "அதெல்லாம் ஆறிப்போச்சு சாமி. கெளுத்திக்கே ஊசி போடாத ஆளுங்க நாங்க" என்றேன். வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தேன், பாவி.

ஒன்பதாம் நாள் காலையில் அவளால் கஞ்சி குடிக்க முடியவில்லை. "தாடை புடிச்சிகினு கீதுக்கா" என்று பல்லிடுக்கில் சொன்னாள். மதியத்துக்குள் உடம்பு வில்லாக வளைந்தது. மாட்டுவண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வண்டி குலுங்கும்போதெல்லாம் இழுப்பு வந்தது. அங்கே கதவு சாத்துகிற சத்தத்துக்கும் வந்தது. பால் கட்டிய மார்போடு மூன்று நாள் கிடந்து செத்துப்போனாள்.

அதற்குப் பிறகு ஒருத்தியும் அரிவாளோடு தோப்புக்குள் போகவில்லை. இப்போது அங்கே தோப்பே இல்லை, அனல்மின் நிலையத்துச் சாம்பல் கொட்டிக் கிடக்கிறது. முள் கொன்றுவிட்டது என்றுதான் குப்பத்தில் இன்றைக்கும் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன்.

காரியம் முடிந்த அன்று என் கொழுந்தன் எல்லார் முன்னாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "அண்ணி, நீ ஒத்தடம் குடுத்ததாலதான் அந்த எட்டு நாளாச்சும் வலியில்லாம நடமாடிகினு இருந்தா" என்றான். கம்பவுண்டர் சொன்னதை அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. வயசாகிக் கடலுக்குப் போவதை அவன் நிறுத்தும்வரை, வலையில் நல்ல மீன் விழுந்த நாளெல்லாம் முதல் மீனை என் வீட்டுக்குத்தான் அனுப்பினான். ஒன்றைக்கூடத் திருப்பாமல் வாங்கி, குழம்பு வைத்துத் தின்றேன்.