பதினோராவது முறை கைமாறியது

வாண்டா ஸ்மோலின்ஸ்கி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். எங்கள் லொரேய்ன் ஊரில் பனி உறைந்து சாலையெல்லாம் வழுக்கும் நாளிலும், வண்டி நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவள் கை நடுங்கியதில்லை. விமானம்தான் அவளுக்கு ஆகாது. ஒரே ஒரு தடவை ஏறியதற்குக் காதில் ரத்தம் வந்து, இனிமேல் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் சொல்லவரும் நாளில் அவள் பட்ட பாட்டுக்கெல்லாம் இதுதான் காரணம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவளுக்கு வாழ்க்கையில் இரண்டே பைத்தியங்கள். ஒன்று மகன் நோலன். இன்னொன்று பக்கத்து நகரத்துக் கால்பந்து அணி. கால்பந்து என்றால் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முட்டி மோதுகிற எங்கள் கால்பந்து. எங்கள் அணி தோற்பதற்கென்றே பிறந்த அணி. தோற்கிறவர்களுக்கு ஒரே ஆறுதல் ஏப்ரல் மாதத்து டிராஃப்ட். கல்லூரிப் பையன்களை அணிகள் முறைபோட்டு, சுற்றுச் சுற்றாக எடுத்துக்கொள்ளும். அதிகம் தோற்ற அணிக்குத்தான் முதல் முறை. எங்கள் ஆட்கள் அந்த முறையையும் உருப்படியாக வைத்துக்கொள்ள மாட்டார்கள். பின்னால் நிற்கும் யாருக்காவது அதைக் கொடுத்துவிட்டு, அவனுடைய முறையோடு கூடுதலாக இரண்டு மூன்றை வாங்கிக்கொள்வார்கள். ஒவ்வொரு தடவையும் வாண்டாவும் அவள் தம்பி காஸும், "ஒண்ணைக் குடுத்து மூணு!" என்று சோபாவில் ஏறிக் குதிப்பார்கள். அப்படி வந்த மூன்றும் ஒன்றுக்கும் உதவாமல் போனது வேறு விஷயம்.

இந்த வருடம் டிராஃப்டில் நோலனே இருந்தான். பந்தை எறிகிறவன்மேல் பாய வருபவர்களை மறித்து நிற்பது அவன் வேலை, ஆளும் கதவகலம். எங்கள் அணிக்குப் பதினோராவது முறை. அவர்கள் அவனை இரண்டு தடவை அழைத்துப் பேசியிருந்தார்கள். பத்திரிகைகளும் அவன்தான் என்று எழுதின. மைதானம் காரில் முக்கால் மணி நேரம். மகன் ஆடும் ஆட்டத்தையெல்லாம் நேரில் பார்க்கலாம் என்று வாண்டா மனக்கோட்டை கட்டிவிட்டாள்.

டிராஃப்ட் அன்று மாலை வீட்டில் பியரோகிக் கொழுக்கட்டை வெந்தது. மேஜை நடுவில் நோலனின் போன். எடுக்கப்போகிற அணி முதலில் பையனைத்தான் கூப்பிடும். டிவியில் பெயர் வருவது அப்புறம். ஆகவே சொந்தக்காரர் எவரும் அந்த எண்ணுக்கு அடிக்கக்கூடாது என்று வாண்டா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

பத்தாவது முறை முடிந்தது. போன் பேசாமல் கிடந்தது. டிவிக்காரன் தொண்டையைச் செருமிக்கொண்டு, பதினோராவது முறை கைமாறிவிட்டது என்றான்.

காஸ் துள்ளி எழுந்தான். "அக்கா, வித்துட்டாங்க! பத்தொன்பதாவதுக்குப் போறாங்க, கூட ரெண்டாவது சுத்துல ஒண்ணு, மூணாவது சுத்துல ஒண்ணு! அள்ளிட்டாங்க போ!"

பழக்கதோஷம். சொல்லி முடித்த பிறகுதான் நோலனின் முகத்தைப் பார்த்தான். அதில் ஈயாடவில்லை.

"அப்போ இவன வேணாங்கறாங்களா?" என்றாள் வாண்டா.

"அப்படியில்லக்கா. பத்தொன்பது வரைக்கும் இவன் மிச்சம் இருப்பான்னு கணக்குப் போட்டிருப்பாங்க. வேணும்தான். ஆனா இப்ப வேணாம்."

"என்னடா உளர்ற? வேணும்னா எடுக்கணும். வேணாம்னா விடணும்."

"மாமா, மிச்சம்னா சொன்னே?" என்றான் நோலன்.

அப்போது போன் அடித்தது. நோலன் எடுத்தான். "ஆமா சார்... ஆமா சார்... ரொம்ப நன்றி சார்" என்றான். அவன் போனை வைப்பதற்குள் டிவியில் பெயர் வந்துவிட்டது. பதினோராவது, நோலன் ஸ்மோலின்ஸ்கி. ஆனால் எடுத்தது எங்கள் அணி இல்லை. அந்த முறையை வாங்கியவர்கள், நாட்டின் மறுகோடியிலிருக்கும் பசிபிக் கரைக்காரர்கள்.

"அம்மா, எனக்காகத்தான் வாங்கினாங்களாம்! வேற யாரும் தூக்கிட்டுப் போயிடக்கூடாதுன்னு அவ்வளவும் குடுத்தாங்களாம்மா!"

வாண்டா அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பெருமையில் நெஞ்சு வெடித்தது. அவ்வளவு தூரம் விமானத்தில்தான் போகவேண்டும் என்பதும் கூடவே உறைத்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள்.

"அங்க எப்படிடா வர்றது? கார்லயே வந்தா எத்தன நாளாகும்?"

"மூணு நாலு நாளாகும்மா."

காஸுக்கு எதையாவது சொல்லித் தேற்ற வேண்டும். "விடுக்கா. நமக்கும் நஷ்டமில்ல. ரெண்டு முறை கூட வந்திருக்கு."

"நமக்கா? எம்புள்ளைய வித்துட்டு நமக்கென்னடா வந்துச்சு? பாவிங்க! பொறந்ததுலேர்ந்து அவனுங்களுக்காகத் தொண்டை கிழியக் கத்தினேனே!"

அக்கா அப்படி அழுது காஸ் பார்த்ததில்லை. ஒரு மணி நேரம் கழித்து டிவியில் பத்தொன்பதாவது முறை வந்தபோதும் அவள் அழுகை ஓயவில்லை. எங்கள் அணியின் பெயரைச் சொன்னதும், இவள் இன்னும் நோகக்கூடாதே என்று ரிமோட்டை எடுத்தான்.

வாண்டா மகனின் சட்டையில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இருடா, அணைக்காதே," என்றாள். "யார எடுக்கறாங்கன்னு பாத்துக்கறேன்."